தகவல் தந்தவர் பெயர்

ஜன்னல் பக்கம் நீயே உட்கார்ந்துகொள்ளம்மா. எனக்கு வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக இந்த நாற்பது வளைவையும் பார்த்தாகிவிட்டது. உனக்கு வாந்தி வருமா? வருமென்றால் இப்போதே சொல்லிவிடு, கைப்பையில் எலுமிச்சம்பழம் இருக்கிறது. வாந்தி எடுத்த பிறகு சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அந்தப் பையில் என்ன, கேமராவா? காலடியில் வைத்துக்கொள். மேலே வைத்தால் முதல் வளைவிலேயே யார் தலையிலாவது விழும். சிங்கவால் குரங்கு பார்க்க வந்தாயா? அதற்கு மூன்று நாளா? எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் சமையலறை ஜன்னலிலேயே காட்டியிருப்பேன். போன வாரம் ஒன்று உள்ளே வந்து, கூடையில் இருந்த தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. எங்கள் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினால் அந்தச் சாமர்த்தியம் வராது.

உங்களுக்கெல்லாம் இது மழைக்காடு, சரணாலயம். எங்களுக்கு இது வீட்டுக் கொல்லை. தேயிலை, நடுவில் ஒரு துண்டு சோலை, மறுபடி தேயிலை, மறுபடி ஒரு துண்டு சோலை. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு யானை போக வேண்டுமென்றால் எங்கள் வாசல்தான் வழி. அதற்கு யாரும் வழி சொல்லவேண்டாம். மனுஷர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் விளக்கு.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது என்ன கேட்டார், காதில் விழுந்ததா? "என்னங்கக்கா, இன்னைக்கு லைட்டுக்கு லீவுங்களா?" பார், பஸ் கண்டக்டருக்குக்கூட என் பொறுப்பு தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான்கு பேருக்கு நம்மைத் தெரிந்திருந்தால் பிரயாணத்தில் அது ஒரு பலம்.

சொல்கிறேன். எப்படியும் நேரம் இருக்கிறது, நீயும் மொபைலைப் பார்த்தால் தலை சுற்றும். சட்டென்று திரும்பாதே, மெதுவாகப் பார். கடைசிக்கு முந்தின சீட்டு. பச்சை ஸ்வெட்டர், மடியில் மஞ்சள் பை. அவன் பெயர் வெள்ளையன். யானை வாட்சர். காடர் இனம், காட்டுக்குள்ளே குடியிருப்பில் இருக்கிறவன். அவனும் நானும் ஒரே இடத்துக்குத்தான் போகிறோம். பொள்ளாச்சியில் யானைக் கமிட்டி ஆபீஸ், பதினோரு மணிக்கு விசாரணை. அவனுக்கு வேலை இருக்குமா போகுமா என்று இன்றைக்கு முடிவு செய்கிறார்கள். நான் சாட்சி. சாட்சி என்றால், நோட்டு என்னுடையது. அதனால்.

எங்கள் கருங்காட்டு எஸ்டேட்டில், மேல் டிவிஷனில், பாறைமேட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பம் நட்டார்கள். உச்சியில் சிவப்பு விளக்கு. அதற்குள் ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்கு ஒரு ரிங் விட்டால் எரியும், இன்னொரு ரிங் விட்டால் அணையும். எல்லார் போனுக்கும் அது கேட்காது, பதிவு செய்த போனுக்குத்தான் கேட்கும். மேல் டிவிஷனில் பதிவு செய்தது என் போன் ஒன்றைத்தான். காரணம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால் டவர் கிடைக்கும். மேனேஜர் பங்களாவிலேயே கிடைக்காது. அந்தக் கல்லால் வந்த பதவி என்று லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், சில பேர் சொல்வார்கள். அப்படியில்லை. கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் கொண்டுவந்த ஆங்கில நோட்டீசில் இரண்டு பிழையைக் காட்டினேன். அதற்கப்புறம்தான் நோட்டு எழுதுகிற வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். ஊட்டி கான்வென்டில் பத்து வருஷம் சும்மாவா படித்தேன்.

வேலை இவ்வளவுதான். வெள்ளையன் பகலெல்லாம் யானை பின்னாலேயே போவான். எந்தச் சோலையில் நிற்கிறது, எத்தனை, குட்டி உண்டா, பொழுது சாயும்போது எந்தப் பக்கம் இறங்கும், எல்லாம் பார்ப்பான். பார்த்துவிட்டு டவர் இருக்கிற மேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிடுவான். "அக்கா, ஆறு ஆனை. குட்டி ஒண்ணு. உங்க ஃபேக்டரி ரோட்டுக்குத்தான் எறங்குது." நான் கல்மேல் ஏறி விளக்கைப் போடுவேன். மூன்று பக்கத்து மலையிலிருந்தும் தெரியும். எரிந்தால் லைனிலிருந்து ஒருத்தரும் இறங்கமாட்டார்கள், கடையில் நிற்கிறவர்கள் கடையிலேயே நிற்பார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. ஆனாலும் நின்றார்கள்.

அப்புறம் நோட்டு. நான்கு கட்டம். தேதி, போட்ட நேரம், அணைத்த நேரம், தகவல் தந்தவர் பெயர். கான்வென்டில் மதர் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே, எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பதுதான். காலிக் கட்டத்தைப் பார்த்தால் ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு. இன்றைக்கும் காலிக் கட்டத்தைப் பார்த்தால் என் விரல் கூசும்.

விளக்கு வருவதற்கு முன்னாலும் சேர்த்து, வாட்சராக இருக்கிற எட்டு வருஷத்தில் வெள்ளையன் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் நியாயம் பேசுகிறவள்.

எங்கள் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் டீமேக்கர், தேயிலைப் பக்குவம் பார்க்கிறவர். செல்வின் என்று பெயர். நல்ல மனுஷர். குடி கிடையாது, கோபம் கிடையாது, பேச்சும் கிடையாது. ஐந்து மணிக்கு ஃபேக்டரியிலிருந்து வருவார். குளிப்பார். ஆறு மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு ஸ்டாஃப் கிளப்புக்குக் கிளம்பிவிடுவார். ஓடைக்கு அந்தப் பக்கம் கிளப், சோலை வழியாகப் பத்து நிமிஷ நடை. அங்கே நான்கு பேர், ஒரு சீட்டுக்கட்டு. சும்மா பொழுதுபோக்கு ஆட்டம்தான். ஒன்பது மணிக்கு வந்து, ஆறின தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷம் இப்படி. மகள் இருந்தவரைக்கும் எனக்கு அது தெரியவில்லை. அவள் கல்யாணமாகி ஓசூர் போன பிறகு, ஆறிலிருந்து ஒன்பது வரை அந்த வீட்டில் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்குக் கொலஸ்ட்ரால். பனியில் நடக்கக் கூடாது.

நவம்பர் பதினான்காம் தேதி. நல்ல மூடுபனி. ஆறு மணி ஆகவில்லை. பாறைமேட்டுக்குக் கீழே கறுப்பாக, பெரிதாக ஒன்று அசைந்தது. வெள்ளையன் கூப்பிடவில்லை, ஆனால் கண்ணால் பார்த்த பிறகு கூப்பிட என்ன இருக்கிறது? போட்டுவிட்டேன். வாசல் கேட்டைத் தாண்டின இவர் திரும்பி வந்தார். "என்ன அமலி, லைட்டு எரியுது" என்றார். அமலோற்பவம் என் பெயர். "எரியுதுன்னா ஆனை இருக்குன்னு அர்த்தம். ஷூவைக் கழட்டுங்க" என்றேன்.

கழற்றினார். செய்ய ஒன்றும் இல்லாமல் சமையலறைக்கு வந்தார். பூண்டு உரித்துக் கொடுத்தார். கல்லிலிருந்து எடுத்த தோசையை நின்றபடியே சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, சின்ன வயதில் நாசரேத்தில் மாதா கோவில் மணி அடிக்கப் போய், கயிறு அவரையே மேலே தூக்கிக்கொண்டு போன கதையைச் சொன்னார். எனக்குத் தெரியவே தெரியாத கதை. இருபத்திரண்டு வருஷம் கூட இருந்திருக்கிறேன்.

நடுவில் வெளியே போய்ப் பார்த்தேன். பனி விலகியிருந்தது. யானை இல்லை, காட்டுமாடு. ஒற்றை. அணைத்துவிடலாம் என்று போனை எடுத்தேன். உள்ளே இவர் "அமலி, இன்னொண்ணு ஊத்து" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் நோட்டு எழுத வேண்டுமே. தேதி எழுதினேன், நேரம் எழுதினேன். கடைசிக் கட்டம். என்ன எழுதுவது? காட்டுமாடு என்றா? அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் எல்லா வரியிலும் ஒரே பெயர்தான் இருந்தது. கை பழகிவிட்டது. வெள்ளையன் என்று எழுதி மூடிவிட்டேன். ஒரு பெயர், அவ்வளவுதானே. அதனால் யானைக்கா நஷ்டம்?

அப்புறம் ஆறு தடவை. கமிட்டி ஏழு என்று சொல்கிறது. அவர்கள் காட்டுமாட்டையும் சேர்க்கிறார்கள். அது உண்மையான தவறு, அதைச் சேர்க்கக் கூடாது. ஆறுதான். ஒன்று எங்கள் கல்யாண நாள். ஒன்று எனக்கு ஒற்றைத் தலைவலி இருந்த நாள். மற்றது சும்மா. வாரத்துக்கு ஒன்றுகூட இல்லை, கவனி. ஜனங்களுக்கும் என்ன கஷ்டம்? ஒரு மணி நேரம் வீட்டுக்குள் இருந்தார்கள். நல்லதுதானே. கடைசித் தடவை, கல்லிலிருந்து இறங்கி நான் உள்ளே வருவதற்குள் இவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூண்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து விளக்கே தெரியாது. அவ்வளவு ஜாக்கிரதை அவருக்கு யானை என்றால்.

வெள்ளையன் ஒரு நாள் தேன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றான். "அக்கா, நேத்து லைட் எரிஞ்சுச்சே. நான் ஆனைகூடத்தான் அந்தப் பக்கத்துச் சோலையில இருந்தேன். இங்க வேற ஆனை யாராச்சும் பார்த்தாங்களா?" என்றான். "உன்னைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யணுமா?" என்றேன். "இல்லைங்கக்கா" என்றான். போகத் திரும்பினான். அப்புறம், "ஐயா வீட்லதான் இருந்தாருங்களா?" என்றான். "இருந்தார்" என்றேன். "நல்லதுங்கக்கா" என்று போய்விட்டான். பார், என்ன விசாரிப்பு. காட்டு ஜனங்களுக்கு இந்த அன்பு உண்டு. சூது தெரியாது, பாவம்.

இது எத்தனையாவது வளைவு? முப்பத்தொன்று. இறங்கும்போது எண்ணும் இறங்கிக்கொண்டே வரும். வேண்டாம், எட்டிப் பார்க்காதே, நேராகப் பார். இந்தா, பழத்தை முகர்ந்துகொள்.

ஜனவரி இருபது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அன்றைக்கு வெள்ளையன் கூப்பிட்டான். "அக்கா, ஒத்தை ஆனை, கொம்பன். ஃபேக்டரி ரோட்டு வளைவுலயே நிக்குது. சீக்கிரம் போடுங்க." ஐந்து முப்பத்தெட்டுக்குப் போட்டேன். நோட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விளக்கு எரிந்ததா? எரிந்தது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்.

சொர்ணம் என்று ஒருத்தி, கொழுந்து பறிக்கிறவள், லைனில் மூன்றாம் வீடு. கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். டீக்கடைக்காரர் "லைட் எரியுது புள்ள, நில்லு" என்றிருக்கிறார். அவள் என்ன சொன்னாளாம் தெரியுமா? "அது டீமேக்கர் வீட்டு லைட்டு. நான் போறேன், உலை வைக்கணும்." டீமேக்கர் வீட்டு லைட்டாம். கம்பம் பாறைமேட்டில் நிற்கிறது, எங்கள் வீட்டுக் கூரையிலா நிற்கிறது? டீக்கடைக்காரரும் அதைக் கேட்டுச் சரி என்று விட்டிருக்கிறார். என்ன சொல்ல இந்த ஜனங்களை.

வளைவில் யானை அவளைத் தள்ளிவிட்டது. கால்வாயில் விழுந்தாள், அதனால் பிழைத்தாள். இடுப்பு எலும்பு. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்திருக்கிறார்கள். இனி கூடை தூக்கமாட்டாள் என்கிறார்கள். சாகவில்லையே. அதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

சத்தம் கேட்டு முதலில் ஓடினவர் எங்கள் வீட்டுக்காரர். அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். அன்றிலிருந்து அவர் கிளப்புக்குப் போவதில்லை. சாயங்காலம் வீட்டிலேயேதான் இருக்கிறார். ஆனால் சமையலறைக்கு வருவதில்லை. முன் அறையில் லைட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் கமிட்டி வந்தது. விளக்கு எரிந்தும் ஏன் போனாள் என்று கேட்டார்கள். லைனில் ஆளாளுக்கு, விளக்கு பல நாள் சும்மா எரிந்தது என்று சொல்லிவிட்டார்கள். நோட்டை எடுத்தார்கள். யானை வராத ஏழு நாள். ஏழிலும் தகவல் தந்தவர் பெயர், வெள்ளையன். "இதெல்லாம் வெள்ளையன் சொன்னதுதானா, மேடம்?" என்று கேட்டார்கள். மேடம் என்றுதான் கேட்டார்கள். நான் என்ன சொன்னேன்? "நோட்டில் என்ன இருக்கிறதோ அதுதான்" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? நீயே சொல்.

அவன் கூப்பிடவே இல்லை என்றுதான் சொன்னான். கூப்பிட்டதற்கு அத்தாட்சி கொடுக்கலாம். கூப்பிடவில்லை என்பதற்கு யார் என்ன அத்தாட்சி கொடுக்க முடியும்? அவனுடைய பழைய பட்டன் போனில் பத்து அழைப்புக்கு மேல் நிற்காது.

எனக்கும் தண்டனை இல்லாமல் இல்லை. என் போனைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். "விசாரணை முடியும்வரை" என்று வாய்வார்த்தை. இப்போது விளக்கு பிள்ளைக்காப்பகத்து ஆயா கையில் இருக்கிறது. அவள் எழுத்தைப் பார்த்திருக்கிறாயா? எறும்பு மையில் விழுந்து நடந்தது போலிருக்கும். போன வாரம் ஒரு கட்டம் காலியாகவே விட்டிருக்கிறாள். கேட்டால், "யாரும் சொல்லலையே, அதான் எழுதல" என்கிறாள். இரண்டு வருஷம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினவளுக்கு இந்த மரியாதை.

இனிமேல்தான் விஷயம். போன ஞாயிறு, நான் பூசை முடிந்து வந்து பார்த்தால் வெள்ளையன் வாசலில் நிற்கிறான். கையில் கமிட்டியின் நோட்டீஸ். ஆங்கிலம். தவறான தகவல் தந்ததற்காக ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, எழுத்துமூலம் பதில் கொடு என்று இருந்தது. தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் படிப்பான். இது அவனுக்கு ஆகாது. "அக்கா, நீங்கதான் பதில் எழுதித் தரணும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றான். அவ்வளவு பேர் இருக்க என்னிடம் வந்தான் பார். அந்த நம்பிக்கை.

எழுதிக் கொடுத்தேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான். என்னிடமே இருக்கட்டும், நானே கொடுக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தா, படித்துப் பார். எம்.எஸ்ஸி. என்று சொன்னாயே. இதில் ஒரு பிழை காட்டு பார்க்கலாம். ஒரு கமா பிசகியிருக்காது.

படித்தாயா?

என்ன, முகம் மாறிவிட்டது? ஆமாம், ஒப்புக்கொண்டதாகத்தான் எழுதியிருக்கிறேன். "என் அறியாமையால் ஏழு தேதிகளிலும் தவறான தகவல் கொடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டுகிறேன்." மன்னிப்புக் கேட்டால் மனது இளகும், எச்சரித்து விட்டுவிடுவார்கள். அப்படி நினைத்துத்தான் எழுதினேன். அவனுக்கு இதில் என்ன இருக்கிறதென்று தெரியுமா என்று கேட்கிறாயா? தெரியாது. தெரிந்தால் பயந்துவிடுவான்.

விட்டுவிடுவார்களா என்றால் எனக்கு எப்படித் தெரியும்? நோட்டீசில் நீக்கம் என்றுதான் போட்டிருக்கிறது. அவன் ஒருத்தன் சம்பளம்தான் அந்த வீட்டில். யானைக்கு முன்னாலும் பின்னாலும் போவதைத் தவிர அவனுக்கு வேறு வேலையும் தெரியாது. எல்லாம் எனக்குத் தெரியும். நீ சொல்லவேண்டாம்.

சரி, வேறு என்ன எழுதச் சொல்கிறாய்? உண்மையையா? நல்ல பெண் நீ. கமிட்டியில் எட்டு ஆம்பிளைகள். அதில் நான்கு பேர் எஸ்டேட் மேனேஜர்கள். அவர்கள் முன்னால், "என் கணவர் சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டுமென்று யானை விளக்கைப் போட்டேன்" என்று எழுதுவதா? நாற்பத்தொன்பது வயதில்? அது அன்றைக்கே லைனுக்கு வந்துவிடும். மாதா கோவிலில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அவர் தெரிந்துகொள்வார். அவருக்குத் தெரிந்த பிறகு நான் எந்த முகத்தோடு அவருக்குத் தோசை ஊற்றுவேன்? உனக்குக் கல்யாணமாகவில்லை. உனக்குப் புரியாது.

அதை இப்படிக் கொடு. இல்லை, கொஞ்சம் இரு. பஸ் ஏன் நிற்கிறது? வரையாடா? ஒரு ஆடு ரோட்டில் நின்றால் போதும், பத்துக் கார்களை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நீ போகாதே, உட்கார். வெள்ளையன் எழுந்து வருகிறான். ஒன்றும் பேசாதே.

போய்விட்டானா? உட்கார்ந்துவிட்டானா பார். மெதுவாகப் பார்.

நீ ஏன் அந்தத் தாளை அவ்வளவு சீக்கிரம் என் கையில் கொடுத்தாய்? மடித்துப் பையில் வைத்திருக்கக் கூடாதா? அவன் என்னதான் கேட்டான்? "அக்கா, அங்க கேட்டா நான் சொல்லணுமில்லைங்களா. அந்த லெட்டரை ஒருக்கா தமிழ்ல படிங்க." கேட்டதில் தப்பில்லை. அதற்கு நான் கண்ணாடி இல்லை என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி மூக்கில் இருந்தது. நீ பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாய். பச்சை ஸ்வெட்டரைப் பொத்தான் போட்டுக் கழுத்துவரை மூடியிருந்தான், விசாரணைக்குப் போகிறவன் மாதிரி. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான்.

நான் படித்தேன். தாளைப் பார்த்துத்தான் படித்தேன், நீ பார்த்தாயல்லவா. ஆங்கிலம் கண்ணில் தெரிகிறது, தமிழ் வாயில் வேறாக வருகிறது. "மேற்படி ஏழு தேதிகளிலும் வெள்ளையனாகிய நான் எந்தத் தகவலும் தரவில்லை. அன்று யானைகள் வேறு சோலையில் இருந்தன. நான் அவற்றோடுதான் இருந்தேன்." இதெல்லாம் நானா சொன்னேன்? ஏழு என்று சொன்னேனா? ஏழு என்றுதான் சொன்னேன்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் கேட்டான். அப்புறம், "யாரு போட்டாங்கன்னு அதுல இருக்குங்களாக்கா?" என்றான்.

"இருக்கு" என்றேன்.

"பேரு?"

"பேரும் இருக்கு வெள்ளையா."

அந்தப் பெயர் என்ன என்று கேட்பான் என்று உட்கார்ந்திருந்தேன். அவன் கேட்கவில்லை. என் கையில் இருந்த தாளைக்கூடப் பார்க்கவில்லை. "சரிங்கக்கா. இப்ப படிச்சீங்கல்ல, அப்படியே இருக்கட்டும். மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எழுதி, கையெழுத்துப் போட்டு முடிந்த கடிதம். அதைப் போய் யாராவது மாற்றுவார்களா? மாற்றாதீர்கள் என்று ஏன் சொன்னான்?

நீ சொல். படித்தவள்தானே, சொல். அவனுக்குத் தெரியுமா? எத்தனை நாளாகத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை என் வாசற்படியில் வந்து நின்றானே, அப்போதே தெரியுமா? தெரிந்தேதான் என்னிடம் எழுதச் சொன்னானா? அவனுக்குத் தெரியும் என்றால் லைனில் யாருக்குத்தான் தெரியாது? அந்தப் பூண்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷருக்கு...

இல்லை, தலை சுற்றவில்லை. பழம் வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

பஸ் கிளம்பிவிட்டது. ஒன்பதாவது வளைவு. கீழே தெரிகிறது பார், ஆழியாறு அணை. நேரம் அதிகம் இல்லை. பேனா வைத்திருக்கிறாயா? பறவைப் பெயர் எழுதுகிற நோட்டு என்று பஸ் ஏறினதும் காட்டினாயே, அதில் ஒரு தாள் கிழி. ஓரத்தில் பிசிறு இல்லாமல் கிழி. வேண்டாம், கிழிக்காதே, அட்டையோடு இருந்தால் எழுத வசதி, அப்புறம் கிழிக்கலாம்.

ஆங்கிலத்தில் இல்லை. தமிழில்தான் எழுதப்போகிறேன். ஆபீசுக்குள் போவதற்கு முன்னால் அவன் கையில் கொடுத்து, அவனே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். எட்டு மேனேஜர்கள் அப்புறம் படிக்கலாம். இல்லை, மேனேஜர்கள் நான்கு பேர்தான். எட்டு ஆம்பிளைகள். எனக்கே கணக்குக் குழம்புகிறது.

அவனுடைய கையெழுத்தா? அது எதற்கு? இதில் அவன் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அமலோற்பவம் செல்வின், மேல் டிவிஷன், கருங்காட்டு எஸ்டேட். நவம்பர் பதினான்கிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கைப்பையை என் மடியிலிருந்து எடு. நோட்டை ஆடாமல் பிடி.